கூடைப்பந்திலிருந்து என்எஃப்எல்லுக்கு: கேள்வி பதில்

கேள்வி: கல்லூரியில் அமெரிக்க ஃபுட்பாலே ஆடாத ஆளை என்எஃப்எல் (அமெரிக்க ஃபுட்பால் லீக்) அணிகள் எதற்குக் கூப்பிடுகின்றன?

பதில்: என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) கணக்கில் குள்ளமாக இருப்பதால்தான் இந்த ஆட்கள் என்எஃப்எல் கையில் சிக்குகிறார்கள். ஆன்டோனியோ கேட்ஸ் ஆறடி நாலு அங்குலம். கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்காகக் கூடைக்கு அடியில் நின்று மல்லுக்கட்டியவர், 2002இல் அந்த அணி தேசியப் போட்டியில் கடைசி எட்டு வரை வந்தது. ஆனால் அந்த இடத்தில் ஆட என்பிஏவில் இந்த உயரம் காணாது. ஃபுட்பாலில் டைட் எண்டுக்கோ (எதிராளியைத் தடுப்பது, பந்தைப் பிடிப்பது என இரண்டும் செய்பவர்) தாராளம். ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்து) எடுப்பவரைக் கவனியுங்கள்: முதுகைக் கொடுத்து எதிராளியை அடைத்துவிட்டு, பந்து எங்கே இறங்கும் என்று பார்த்து, எகிறி உச்சியிலேயே பறித்துவிடுவார். எண்ட் ஸோனில் (மைதானத்தின் கடைசிப் பகுதி) பந்தைப் பிடித்து டச்டவுன் புள்ளி எடுப்பதும் ஏறக்குறைய அதே வேலைதான். 2003 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துக் கல்லூரி ஆட்களை எடுக்கும் தேர்வு) யாரும் சீண்டாத கேட்ஸைச் சான் டியேகோ சார்ஜர்ஸ் சேர்த்துக்கொண்டது. 116 டச்டவுன், டைட் எண்டுகளில் அதுதான் உச்சம். 2025இல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம்.

கேள்வி: என்பிஏ நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ் ஃபுட்பாலுக்குப் போயிருந்தால்?

பதில்: பள்ளி ஃபுட்பாலில் வைட் ரிசீவராக (ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பவர்) அருமையாக ஆடினார். அப்புறம் போகவில்லை. அவ்வளவுதான்.

கேள்வி: பந்து நன்றாகப் பிடித்தால் போதுமா?

பதில்: போதவே போதாது. பிளாக்கிங், பிளாக்கிங், பிளாக்கிங். ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து, எதிரே நிற்கும் தடியனுக்குக் கீழே புகுந்து தள்ள வேண்டும். கூடைப்பந்தில் நிமிர்ந்தே பழகிய உடம்பு அங்கேதான் காட்டிக்கொடுக்கும். பேய்லர் கல்லூரிக் கூடைப்பந்தில் ரீபவுண்டுக்குப் பேர்போன ரிக்கோ கேதர்ஸை 2016 டிராஃப்டில் டல்லாஸ் அணி ஆறாம் சுற்றில் எடுத்தது. நிலைக்கவில்லை.

கேள்வி: டைட் எண்ட் டோனி கொன்சாலஸை விட்டுவிட்டீர்களே?

பதில்: வேண்டுமென்றேதான். பெர்க்லி கல்லூரியில் கூடைப்பந்து, ஃபுட்பால் இரண்டும் ஆடியவர், 1997 டிராஃப்டில் 13ஆவது ஆள். அவர் மாறி வந்தவர் இல்லை.

கேள்வி: அப்படியானால் டைட் எண்ட் ஜிம்மி கிரஹாமையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். அவரும் மயாமி கல்லூரியில் ஃபுட்பால் ஆடினார்.

பதில்: நாலு வருஷம் கூடைப்பந்து, பிறகு 2009இல் ஒரே ஒரு சீசன் ஃபுட்பால். கல்லூரி விதிப்படி ஒரு விளையாட்டில் நாலு சீசன் முடிந்தாலும், ஐந்தாம் வருஷம் இன்னொன்றை ஆடலாம். அந்த ஒரு சீசனைப் பார்த்துத்தான் 2010இல் நியூ ஆர்லியன்ஸ் மூன்றாம் சுற்றில் எடுத்தது. இது மாறியது இல்லாமல் வேறென்ன?

கேள்வி: கேட்ஸே பள்ளியில் ஃபுட்பால் ஆடியவர்தானே! உங்கள் கோடு எங்கே?

பதில்: சரி, நல்ல குத்து. கல்லூரிக் காலத்தின் பெரும்பகுதி எதில் போனது என்பதுதான் என் கோடு. ஃபுட்பாலே தொடாதவர்தான் வேண்டுமென்றால் எரிக் ஸ்வூப் இருக்கிறார். அவரும் மயாமிதான், 2014இல் கோல்ட்ஸ் என்ற என்எஃப்எல் அணியில் சேர்ந்தார். ஜூலியஸ் பெப்பர்ஸ் பற்றி மூன்று பேர் கேட்டாயிற்று: அவர் ஃபுட்பால்காரர், கூடைப்பந்தும் ஆடினார். இதோடு விடுங்கள்.

கேள்வி: டச்டவுனுக்குப் பிறகு கோல் கம்பத்தில் டங்க் அடிக்க (பந்தை மேலிருந்து திணிக்க) ஏன் தடை?

பதில்: 2013இல் அட்லான்டாவில் கிரஹாம் அடித்ததில் கம்பம் சாய்ந்து ஆட்டமே நின்றது. 2014இல் தடை.

கேள்வி: லெப்ரான் டைட் எண்டாக...

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: டைட் எண்ட் தவிர வேறு இடமே கிடையாதா?

பதில்: உண்டு. வெஸ்டர்ன் கென்டக்கியில் கூடைப்பந்து ஆடிய ஜார்ஜ் ஃபான்ட்டை 2016இல் சியாட்டில் சேர்த்து, முதல் வருஷமே லெஃப்ட் டாக்கிளாக இறக்கியது. பந்தைப் பிடிக்கும் வேலை கிடையாது, ஆட்டம் முழுக்க பிளாக்கிங்தான். இந்த இடத்தைச் சின்னப் பையன்கள் கேட்பதேயில்லை.