ஹைட்ரஜனைச் சேமிக்கும் உலோகக் கலவைகள்: சுங்கை சிப்புட் தந்தை ஒருவருக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதி முடித்திருக்கும் உங்கள் மகள், உலோகக் கலவைகளில் ஹைட்ரஜனைச் சேமிக்கும் துறையில் படிக்க விரும்புவதாகவும், அதற்கு நம் நாட்டில் வேலை கிடைக்குமா என்ற கவலையில் நீங்கள் இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். முதலில் அத்துறை என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். செம்பனை ஆலையில் வேலை செய்யும் உங்களுக்கு வெப்பமும் அழுத்தமும் புதியவை அல்ல.

ஹைட்ரஜன் மிக இலேசான வாயு என்பதால், வாகனங்களில் அதை 350 அல்லது 700 பார் அழுத்தத்தில் (ஒரு பார் ஏறத்தாழ நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தம்) அடைக்கிறார்கள். உலோகக் கலவைக்கு அவ்வளவு அழுத்தம் வேண்டியதில்லை. லாந்தனம் என்னும் உலோகத்தின் ஓர் அணுவுக்கு நிக்கலின் ஐந்து அணுக்கள் சேர்ந்த கலவையின்மீது, அறை வெப்பநிலையில் சில பார் அழுத்தத்தில் வாயுவைச் செலுத்தினாலே, ஹைட்ரஜன் மூலக்கூறுகள் பரப்பில் தனித்தனி அணுக்களாகப் பிரிந்து, உலோக அணுக்களுக்கு இடையேயுள்ள இடைவெளிகளில் நுழைந்து தங்கிவிடும். அப்போது கலவையின் கனஅளவு ஏறத்தாழ கால் பங்கு பெருத்துவிடுவதால், கட்டியாக இருந்த உலோகம், வாயுவை ஏற்றி இறக்கும் முதல் சில சுற்றுகளிலேயே விரிசல் விட்டு நுண்ணிய தூளாகிறது. வாயு ஏறும்போது கலன் சூடாகும். திறந்து வெளியே விடும்போது அதே கலன் குளிரும். அந்தச் சூட்டை அகற்றாவிட்டால் வாயு ஏறுவது நின்றுவிடும். சூடு கொடுக்காவிட்டால் இறங்குவதும் நின்றுவிடும்.

சிக்கல் எடையில்தான். அந்தக் கலவை தன் எடையில் சுமார் 1.4 விழுக்காடு ஹைட்ரஜனையே கொள்ளும். அதாவது 1 கிலோ வாயுவுக்கு 70 கிலோவுக்கும் மேல் உலோகம் வேண்டும். 1974இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தார் அறிவித்த இரும்பு-டைட்டானியக் கலவை விலை குறைந்தது, ஆனால் அதுவும் 1.9 விழுக்காட்டுக்கு அருகிலேயே நிற்கிறது. மக்னீசியம் 7.6 விழுக்காடு வரை கொண்டாலும், ஏற்றிய வாயுவை இறக்க ஏறத்தாழ 300 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. உங்கள் ஆலையில் பழக்குலைகளை வேகவைக்கும் நீராவி 140 பாகையை ஒட்டியது. மக்னீசியத்துக்கு அது போதவே போதாது. நிறையக் கொள்ளவும் வேண்டும், குறைந்த சூட்டில் விடவும் வேண்டும் என்னும் இந்த இழுபறிதான் உங்கள் மகளைக் கவர்ந்திருக்க வேண்டும். அது நல்ல ஆர்வம், அதைத் தடுக்காதீர்கள்.

வேலையைப் பொறுத்தவரை, இந்தச் சேமிப்புக்கென்றே அமைந்த பணியிடங்கள் மலேசியாவில் இப்போது குறைவு. கூச்சிங்கில் ஹைட்ரஜன் நிரப்பும் நிலையம் 2019இல் திறக்கப்பட்டது. 2023இல் அரசாங்கம் ஹைட்ரஜன் பொருளாதாரத்துக்கான வழித்திட்டத்தை வெளியிட்டது. ஆயினும் அவற்றை மட்டுமே நம்பி உங்கள் மகளின் நான்காண்டுப் படிப்பை முடிவு செய்ய வேண்டாம். ஹைட்ரஜன் என்று பெயர் சூட்டிய படிப்பைத் தேடுவதைவிட, மெட்டீரியல்ஸ் என்ஜினியரிங் எனப்படும் அகன்ற பட்டப்படிப்பை எடுப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. கலவையில் ஹைட்ரஜன் நுழைவதை விளக்கும் அதே பாடம், ஹைபிரிட் கார்களின் நிக்கல்-உலோக ஹைட்ரைடு மின்கலத்துக்கும், ஹைட்ரஜன் ஊடுருவி எஃகுக் குழாய்கள் நொறுங்கும் தன்மை அடைவதைத் தடுக்கும் பணிக்கும் உதவும். பினாங்கு, கூலிம் மின்னணுத் தொழிற்சாலைகளிலும், ஆஸ்திரேலியத் தாதுவிலிருந்து லாந்தனம் போன்ற அரிய மண் தனிமங்களைப் பிரிக்கும் பகாங் மாநிலக் கெபெங் ஆலையிலும் இப்படிப்புக்கு இடமுண்டு.

பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்புகளான எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேசன் இரண்டில் எதில் சேர்ந்தாலும் வேதியியல், இயற்பியல், கணிதம் மூன்றையும் அவர் விடக்கூடாது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் நிபோங் திபால் வளாகத்தில் இத்துறை இருக்கிறது. பட்டம் முடித்தபின் ஹைட்ரஜன் ஆய்வையே தொடர விரும்பினால், பாங்கியில் தேசியப் பல்கலைக்கழகத்தின் எரிபொருள் மின்கல ஆய்வுக் கழகத்தில் முதுநிலைக்கு முயலலாம். விண்ணப்பிக்கும் முன், பாடப்பட்டியலில் வெப்ப இயக்கவியலும் எக்ஸ் கதிர் ஆய்வுமுறைகளும் உள்ளனவா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். கூடுதல் கணிதத்தில் புள்ளி குறைந்தால் பொறியியல் டிப்ளோமா வழியாகவும் போகலாம். தேர்வு முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள், எந்த டிப்ளோமா பொருந்தும் என்று சேர்ந்து பார்ப்போம்.