16 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் எடை குறையுமா?

வேலூர் சத்துவாச்சாரியில் உணவியல் ஆலோசகராக இருக்கும் அக்காவிடம் இன்டர்மிட்டென்ட் ஃபாஸ்டிங் (நாளில் சில மணி நேரத்துக்குள் மட்டும் சாப்பிட்டு, மற்ற நேரம் உண்ணாமல் இருக்கும் முறை) பற்றிக் கேட்கப்பட்டவையும் அவருடைய பதில்களும்.

அக்கா, இரவு 8 மணிக்குச் சாப்பிட்டு முடித்து, மறுநாள் பகல் 12 மணி வரை தண்ணீர் மட்டும் குடிக்கலாம் என்றிருக்கிறேன். பலன் இருக்குமா? (காட்பாடி, கல்லூரி மாணவர்)

நாள் முழுவதற்குமான சாப்பாடு குறைந்தால் இருக்கும், தம்பி. சீனாவின் குவாங்சோவில் உடல் பருமன் உள்ள 139 பேரை ஓராண்டு கவனித்து, 2022இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே கலோரிக் கட்டுப்பாடு. பாதிப் பேர் மட்டும் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் சாப்பிட வேண்டும். அவர்கள் சராசரியாக 8 கிலோ குறைந்தார்கள், மற்றவர்கள் 6.3 கிலோ. புள்ளியியல் கணக்கில் அந்த வித்தியாசம் தேறவில்லை. 2020இல் வந்த அமெரிக்க ஆய்வில் அளவைப் பற்றி எதுவும் சொல்லாமல் உங்களைப் போலவே பகல் 12 முதல் இரவு 8 வரை சாப்பிடச் சொன்னார்கள். 12 வாரத்தில் சராசரியாக ஒரு கிலோகூட முழுதாகக் குறையவில்லை. 12 மணி அடித்ததும் ஆம்பூர் பிரியாணியும் அதன் மேல் ஆற்காடு மக்கன் பேடாவும் என்று உட்கார்ந்தால், காலை முழுக்கப் பசியோடு இருந்ததற்கு அர்த்தமே இல்லை. கோட்டையைச் சுற்றி நடந்துவிட்டு நேராக போண்டாக் கடைக்குப் போகிறவர்களையும் தினமும் பார்க்கிறேன்.

ஜிம்முக்குப் போகிறேன். தசை கரைந்துவிடுமா? (குடியாத்தம்)

கவலைப்பட வேண்டிய இடம் இதுதான். அதே 2020 ஆய்வில் உடலை ஸ்கேன் செய்து பார்த்த சிலரிடம், குறைந்த எடையில் பெரும்பங்கு கொழுப்பாக இல்லை. தசை உள்ளிட்ட மற்ற திசுக்களாக இருந்தது. ஆனால் 2016இல் வந்த இத்தாலிய ஆய்வு வேறு விதம். ஏற்கெனவே எடை தூக்கிப் பழகிய 34 ஆண்களில் பாதிப் பேர் 8 வாரம் பயிற்சியை விடாமல், புரதத்தையும் குறைக்காமல் 16 மணி நேரம் உண்ணாமல் இருந்தார்கள். கொழுப்பு குறைந்தது, தசை நின்றது. ஆகவே எடை தூக்குவதை நிறுத்தாதீர்கள். கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்று வைத்தால், 70 கிலோ ஆளுக்கு 112 கிராம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான். இரண்டே வேளையில், அதுவும் சைவமாக, இதை எட்டுவது லேசான வேலை இல்லை. முடியாதென்றால் மூன்று வேளை சாப்பிடுங்கள்; ஒன்றும் கெட்டுவிடாது.

அம்மா சர்க்கரைக்கு கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறார். காலை உணவை விடலாமா? (வாலாஜா)

மருத்துவரைக் கேட்காமல் கூடவே கூடாது. இந்த மாத்திரையும் இன்சுலினும், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கும். வியர்வை, நடுக்கம், பேச்சில் குழப்பம் தெரிந்தால் உடனே பரிசோதியுங்கள். 70க்குக் கீழே போயிருந்து, அவர் விழுங்கும் நிலையில் இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், வளரும் பிள்ளைகள் ஆகியோருக்கும் இந்த முறை வேண்டாம்.

ரமலான் முழுக்க நோன்பிருந்தும் எடை ஏறிவிட்டதே, அக்கா? (மேல்விஷாரம்)

நோன்புக் கஞ்சியின் மேல் பழி போடாதீர்கள், அம்மா. அதோடு வரும் சமோசா, வடை, சர்பத், பிறகு இரவுச் சாப்பாடு, சஹருக்காக (விடியலுக்கு முந்தைய சாப்பாடு) கெடும் தூக்கம் எல்லாம் சேர்ந்துதான் ஏற்றுகின்றன. கஞ்சி, பழம், பிறகு ஒரே ஒரு முழுச் சாப்பாடு என்று வைத்துப் பாருங்கள்.

பட்டினி கிடந்தால் செல்கள் தம்மையே சுத்தம் செய்துகொள்ளும், அதற்கு நோபல் பரிசே கொடுத்தார்கள் என்கிறார்களே? (ராணிப்பேட்டை)

2016இல் ஜப்பான் விஞ்ஞானி யோஷினோரி ஓசுமிக்குக் கொடுத்தார்கள். அவர் அடிப்படையைக் கண்டறிந்தது ஈஸ்ட் செல்களில். மனிதர் இத்தனை மணி நேரம் பட்டினி இருக்க வேண்டும் என்று அந்தப் பரிசு சொல்லவில்லை.

அப்படியானால் யாருக்குத்தான் இது உதவும்? (வேலூர், சேண்பாக்கம்)

இரவு 9 மணிக்கு மேல் முறுக்கு, மிக்சர் என்று கை போகிறவர்களுக்கு. அளவு பார்த்துச் சாப்பிடச் சொன்னால் எரிச்சலடைந்து, நேரம் சொன்னால் மட்டும் கேட்கிறவர்களுக்கும். 16 மணி நேரத்தில் தொடங்க வேண்டாம். இரவுச் சாப்பாட்டை 7.30க்குள் முடித்து, 12 மணி நேர இடைவெளியில் தொடங்குங்கள்.

காலையில் காபி குடிக்கலாமா? (ஆற்காடு)

பாலும் சர்க்கரையும் இல்லாமல் குடிக்கலாம். கேழ்வரகுக் கூழைக் குடித்துவிட்டு விரதத்தில் இருக்கிறேன் என்று சொல்லக் கூடாது, அது சாப்பாடு. நம் ஊர் மே மாத வெயிலில் வெளியே வேலை செய்கிறவர்கள் இந்தச் சோதனையை ஆடிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.