பேதி இல்லை, மலச்சிக்கல்தான்!

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. நாலைந்து நாளைக்கு ஒருமுறைதான் மோஷன் போகிறான். போனால் கழிவறையே அடைத்துக்கொள்கிறது. ஆனால் தினமும் ஜட்டியில் கறை, சில நாள் தண்ணீராகவே போய்விடுகிறது. டீச்சர் போன் செய்து அழைத்துப் போகச் சொல்கிறார். மாமியார் பேதி என்று மாதுளைத் தோல் கஷாயம் தருகிறார். கணவர், 'சோம்பேறித்தனம், நாலு போட்டால் சரியாகிவிடும்' என்கிறார். அவனைக் கேட்டால், 'வந்ததே தெரியலம்மா' என்கிறான். இவ்வளவு பெரிய பையனுக்கு எப்படித் தெரியாமல் போகும்?
- வாசகி, திண்டுக்கல்.

பதில்: அவன் சொல்வது உண்மை, அம்மா. தயவுசெய்து நம்புங்கள்.

என்றோ ஒருநாள் கெட்டியாகப் போய் வலித்திருக்கும். அந்தப் பயத்தில் அடக்க ஆரம்பித்திருப்பான். விளையாடிக்கொண்டிருந்தவன் சட்டென்று நின்று, கதவுக்குப் பின்னால் போய், நுனிக்காலில் எம்பி, தொடைகளை இறுக்கி, முகம் சிவக்க நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். முக்குகிறான் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை, அடக்குகிறான். உள்ளே தங்கும் மலத்திலிருந்து குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அது இறுகிப் பெரிதாகும். மலக்குடல் விரிந்து விரிந்து, 'வருகிறது' என்ற உணர்வே மங்கிவிடும். மேலிருந்து வரும் இளகிய மலம் அந்தக் கட்டியின் ஓரமாகக் கசியும். நீங்கள் பார்க்கும் 'பேதி' அதுதான். கஷாயத்தை இன்றே நிறுத்துங்கள்.

என்னிடம் வரும் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் படுக்கவைத்து அடிவயிற்றை அழுத்தினால், பெரும்பாலும் கட்டி கையில் தட்டுப்படும். அம்மாவின் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துக் காட்டுவேன். அதன்பிறகு பிள்ளையைத் திட்ட அவர்களுக்கு மனம் வராது.

முதலில் அடைப்பை வெளியேற்ற வேண்டும். வாழைப்பழமும் கீரையும் நல்லவைதான், ஆனால் இறுகிப்போன கட்டியை அவை கரைக்காது. குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடரைத் தண்ணீரில் கரைத்துத் தரச் சொல்வார். அடைப்பை எடுக்க, எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.5 கிராம் வரை, மூன்றிலிருந்து ஆறு நாள் தருவது வழக்கம். அவனுக்கான அளவை அவரே சொல்லட்டும். அந்த நாட்களில் கசிவு கூடும், பயப்படாதீர்கள். பள்ளி விடுமுறையில் தொடங்குவது நல்லது. சோப்பு, வெற்றிலைக் காம்பு வைப்பதெல்லாம் வேண்டாம். பயந்துபோன இடத்தையே மீண்டும் குத்தினால் இன்னும் அடக்குவான்.

பலரும் சறுக்குவது இதற்குப் பிறகுதான். நாலு நாள் நன்றாகப் போனதும், 'பழகிவிடுமோ' என்று மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். இந்த மருந்துக்குக் குடல் அடிமையாகாது. மலத்தில் தண்ணீரைத் தக்கவைத்து இளக்குவது மட்டுமே அதன் வேலை. விரிந்த குடல் பழைய அளவுக்குத் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். குறைந்தது இரண்டு மாதம், பலருக்கு ஆறு மாதத்துக்கும் மேல் குறைந்த அளவில் தொடர வேண்டியிருக்கும். நிறுத்தும்போதும் மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான்.

சாப்பிட்டதும் குடல் தானாகவே அசையும். அதனால் காலையிலும் இரவிலும் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து, பத்து நிமிடம் உட்காரவையுங்கள். ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கும்போது அவசரப்படுத்தினால் ஒன்றும் நடக்காது. கொஞ்சம் முன்னதாக எழுப்புங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் கால் தொங்கக் கூடாது. முழங்கால் இடுப்பைவிட உயரும்படி ஒரு முக்காலி போடுங்கள். வந்தாலும் வராவிட்டாலும், உட்கார்ந்ததற்கே பாராட்டுங்கள். பால் அரை லிட்டரைத் தாண்டினால் குறையுங்கள்.

பள்ளிக் கழிவறையில் தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று அவனிடம் கேளுங்கள். பல பிள்ளைகள் அங்கே போகப் பயந்தே அடக்குகிறார்கள். இது உடல்நலப் பிரச்சினை, கேட்டபோதெல்லாம் அனுப்புங்கள் என்று டீச்சரிடம் சொல்லி, பையில் ஒரு மாற்று ஜட்டியும் கவரும் வையுங்கள். கணவரிடம் இந்தப் பக்கத்தைக் கொடுங்கள். அடி விழும் வீட்டில் பிள்ளைகள் கறைபட்ட ஜட்டியைப் பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைப்பார்கள், குடல் சரியாகாது.

பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் கருமலம் போகாதது, முதல் மாதத்திலேயே மலச்சிக்கல் தொடங்கியது, வயிறு உப்பிப் பச்சையாக வாந்தி, எடை ஏறாமை, கால் பலவீனம் - இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள், வேறு பரிசோதனைகள் தேவைப்படும். வயிறு உப்பலோடு பச்சை வாந்தி என்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரவில் படுக்கையை நனைக்கிறானா என்று நீங்கள் எழுதவில்லை. நிறைந்த மலக்குடல் சிறுநீர்ப்பையை அழுத்தும் என்பதால், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.