கமரா விட்டுப் பார்த்த றிப்போட்: கஸ்ரைட்டிஸ் எவ்வளவு கடுமை?

வெள்ளவத்தை, 52 வயது: டொக்டர், றிப்போட்டில "குரோனிக் கஸ்ரைட்டிஸ், சி-2" எண்டு போட்டிருக்கு. பயப்பட வேணுமா?

பயப்படும் கட்டமில்லை, அக்கா. கஸ்ரைட்டிஸ் என்றால் இரைப்பை அழற்சி. சி-2 என்பது ஜப்பானில் கிமுராவும் தகெமோட்டோவும் 1969இல் தந்த அளவு. அழற்சி வருடக்கணக்கில் நீடித்தால் இரைப்பையின் உட்சவ்வு மெலியும். மெலிந்த இடம் வெளிறி, அடியிலுள்ள இரத்தக் குழாய்கள் தெரியும். இந்த மெலிவு பெரும்பாலும் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் தொடங்கி, அதன் குட்டையான உட்பக்க வளைவு (சிறுவளைவு) வழியே மேலே ஏறும். அதன் எல்லை எதுவரை வந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. உணவுக்குழாய் வந்து சேரும் வாயைத் தாண்டாதவரை சி-1, சி-2, சி-3. தாண்டிப் பக்கச் சுவர்களிலும் பரவினால் ஓ-1 முதல் ஓ-3. ஓ வகையில்தான் புற்றுநோய் அபாயம் அதிகமாகக் கூடுகிறது.

கொட்டாஞ்சேனை: சாப்பிட்டால் எரிவு தாங்கேலாது. கமராவில "மைல்ட்" எண்டுதான் சொல்லுகினம். சரியாப் பாக்கேல்லையோ?

பார்த்திருப்பார்கள், தம்பி. எரிவின் அளவை வைத்துச் சவ்வின் சேதத்தைச் சொல்ல முடியாது. ஓ-3 உள்ளவர் இரவு கொத்துரொட்டி சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். மற்றது, வெறும் சிவப்பை வைத்து "மைல்ட்" என்று எழுதினால் ஒரு வைத்தியர் எழுதுவதும் இன்னொருவர் எழுதுவதும் ஒத்துவராது. அந்தச் சொல்லுக்கு நான் அதிகம் மதிப்புக் கொடுப்பதில்லை.

தெஹிவளை: பயொப்சிக்கு ஒரு துண்டுதான் எடுத்தவை. காணுமா?

இந்த அழற்சியை உண்டாக்கும் ஹெலிகோபக்டர் பைலோரி என்ற கிருமி இருக்கிறதா என்று பார்க்க எடுத்ததாயிருக்கலாம், கேட்டுப் பாருங்கள். கடுமையை அளக்கக் காணாது. பயொப்சி எடுப்பதற்கான திருத்திய சிட்னி முறைப்படி 5 துண்டுகள்: கீழ்ப்பகுதியில் 2, உடற்பகுதியில் 2, வளைவின் கோணத்தில் 1. கீழ்ப்பகுதித் துண்டும் உடற்பகுதித் துண்டும் வேறு வேறு போத்தலில் போகவேண்டும். ஒன்றாய்ப் போட்டால் சேதம் எங்கே என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அவற்றை வைத்துத்தான் மெலிவின் கடுமையைக் காட்டும் ஓல்கா நிலையை 0 முதல் 4 வரை போடுவார்கள். 3, 4 வந்தால் விடாமல் கவனிக்கவேண்டும்.

பம்பலப்பிட்டி: ஒமெப்பிரசோல் குடிக்கிறன். நிப்பாட்டிப்போட்டு வரவோ?

ஒமெப்பிரசோல் அமிலத்தைக் குறைக்கும் மருந்து; ஹெலிகோபக்டர் பைலோரி சோதனைக்கு 2 கிழமை முன்னரே அதை நிறுத்துவது வழக்கம். இல்லையென்றால் இருக்கும் கிருமியும் தெரியாமல் போகலாம். அன்டிபயோட்டிக் என்றால் 4 கிழமை. முன்பு புண்ணில் இரத்தம் கசிந்தவர்களும் அஸ்பிரின் எடுப்பவர்களும் ஒமெப்பிரசோலைத் தாங்களாக நிறுத்தவே கூடாது.

மருதானை: எத்தனை வருஷத்துக்கு ஒருக்கா திரும்பப் பாக்கோணும்?

மெலிவு பரவலாயிருந்தால் ஐரோப்பிய வழிகாட்டல் 3 வருடம் என்கிறது. பெற்றோருக்கோ சகோதரருக்கோ இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் 1 அல்லது 2 வருடம். சி-1தான், கிருமியும் இல்லை, குடும்பத்தில் ஒருவருக்கும் இல்லை என்ற பிறகும் வருடாவருடம் கமரா விடச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.