ஏ.கே. ராமானுஜன்: நம்ம ஊர்க்காரர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

மார்த்தாண்டம், கல்லூரி மாணவி: மைசூரில் பிறந்து சிகாகோவில் வாழ்ந்தவர். அவரைத் தமிழர் என்று சொல்லலாமா சார்?

தாராளமாகச் சொல்லலாம். கவிஞர், மொழிபெயர்ப்பாளர்; 1929இல் பிறந்தார், தமிழ் ஐயங்கார் குடும்பம். மாடியில் கணிதப் பேராசிரியரான அப்பாவோடு ஆங்கிலம், கீழே அடுக்களையில் அம்மாவோடு தமிழ், தெருவில் இறங்கினால் கன்னடம். தமிழும் மலையாளமும் கலந்து புழங்குகிற உங்கள் பக்கத்தில் இதை விளக்கவே வேண்டாம். ஆனால் அவர் பேர் வாங்கிய கவிதைகள் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் எழுதியவை.

நாகர்கோவில்: அமெரிக்கா போனவர் சங்க இலக்கியத்துக்கு எப்படி வந்தார் அண்ணாச்சி?

கொல்லம், மதுரை, பெல்காம், பரோடா என்று ஆங்கிலம் கற்பித்துவிட்டு 1959இல் அமெரிக்கா போனார். 1962இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த புதிதில் பழந்தமிழ் இலக்கணம் ஒன்றைத் தேடி நூலகத்தின் அடித்தளத்தில் புத்தகக் குவியலைக் கிளறியபோது உ.வே.சா. பதிப்பித்த குறுந்தொகை கையில் கிடைத்தது. அதிலிருந்து அவரால் மீள முடியவில்லை. வீட்டு மொழி தமிழ்தான், ஆனாலும் சங்கத் தமிழை உட்கார்ந்து படித்து, உழைத்துத்தான் தனதாக்கிக்கொண்டார். 1967இல் குறுந்தொகைப் பாடல்களின் ஆங்கில மொழிபெயர்ப்பாக 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' வந்தது.

அவருடைய வேலை எப்படிப்பட்டது என்று பார்க்க குறுந்தொகையின் 'நிலத்தினும் பெரிதே' பாட்டை எடுங்கள். மூலத்தில் கருங்கோல் குறிஞ்சிப்பூ, அதிலிருந்து தேன், தேன் இழைக்கும் நாட்டுக்காரன், கடைசியில்தான் 'நட்பு' வருகிறது. ஆங்கிலத்தில் அவர் அந்த வரிசையை அப்படியே திருப்பினார்: காதலில் தொடங்கி, அவனுடைய மலைச்சாரல், தேனீ, பூ என்று இறங்கி, கறுத்த காம்பில் போய் முடிகிறது. இரண்டு மொழியின் வாக்கிய அமைப்பையும் இவ்வளவு நுட்பமாகக் கவனித்தவர்கள் குறைவு என்பேன்.

திருவட்டாறு: ஆழ்வார்களைப் பற்றி ஏதாவது செய்தாரா?

செய்தார், 1981இல். 'ஹிம்ஸ் ஃபார் த டிரவுனிங்' முழுக்க நம்மாழ்வார் பாடல்களின் ஆங்கில மொழிபெயர்ப்புதான். உங்கள் ஆதிகேசவப் பெருமாளைப் பாடிய அதே ஆழ்வார். அதற்கு முன்பே, 1973இல், சிவபக்தர்கள் பாடிய 'வசனம்' என்ற கன்னடக் கவிதைகளை மொழிபெயர்த்த 'ஸ்பீக்கிங் ஆஃப் சிவா' வந்துவிட்டது. சைவம் வைணவம் என்று அவர் கோடு கிழிக்கவில்லை.

தக்கலை: விருது ஏதும்?

1976இல் பத்மஸ்ரீ, 1983இல் அமெரிக்காவின் மக்ஆர்தர் நல்கை. சாகித்திய அகாதெமி விருது மறைவுக்குப் பிறகு, 1999இல்.

குளச்சல், இப்போது துபாய்: ஊரை விட்டுத் தூரமாக இருந்துகொண்டே எப்படி எழுதினார்?

1993இல் சிகாகோவில் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார், ஆனால் ஊரை நினைத்து ஏங்கிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை தம்பி. நாட்டுப்புறக் கதைகளைத் தேடித் தேடிச் சேர்த்தார், அதிலும் பெண்கள் சொல்லும் கதைகளை. அவர் சேர்த்த கன்னடக் கதைகள் 1997இல் நூலாக வந்தன. லீவில் வரும்போது உங்கள் உம்மாவையோ அம்மையையோ உட்கார வைத்து ஒரு கதை சொல்லச் சொல்லி போனில் பதிந்துகொள்ளுங்கள். திருத்த வேண்டாம், சொன்ன வட்டார வழக்கிலேயே எழுதி வையுங்கள், அப்புறம் குறுந்தொகை உரையோடு ஒன்று வாங்கி தினம் ஒரு பாட்டு படியுங்கள்.