அந்த விவசாயி எந்த ஊர்க்காரர்?

அன்புள்ள ஐயா,

விவசாயக் குடும்பங்களின் சராசரி மாத வருமானம் ஆறே ஆண்டில் 6,426 ரூபாயிலிருந்து 10,218 ரூபாயாகக் கூடியிருப்பதாக மத்திய அரசின் கணக்கெடுப்பு சொல்கிறது. எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலம். அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். "அந்த விவசாயி எந்த ஊர்க்காரர்னு கேட்டுச் சொல்லு, போய்ப் பார்த்துட்டு வரேன்" என்றார். கணக்கு பொய்யா, இல்லை எங்களுக்குத்தான் விவசாயம் தெரியவில்லையா?

ச.

அன்புள்ள ச.,

கணக்கு பொய்யில்லை. மொத்தத் தொகையை மட்டும் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம், அவ்வளவுதான்.

அந்த 10,218ஐப் பிரித்துப் பாருங்கள். இது 2018-19 விவசாய ஆண்டுக்கான கணக்கு. கூலி, சம்பளத்தில் வந்தது 4,063. பயிரில் 3,798. ஆடு, மாடு, கோழியில் 1,582. மிச்சம் சின்ன வியாபாரமும் குத்தகைப் பணமும். ஆக, விவசாயக் குடும்பத்துக்கு அதிகம் படியளப்பது வயல் இல்லை. வீட்டில் யாரோ ஒருவர் வெளியே போய்ச் சம்பாதிப்பது. 2012-13இல் இது தலைகீழாக இருந்தது: பயிர் 3,081, கூலி 2,071. ஆறு ஆண்டில் கூலி கிட்டத்தட்ட இரட்டிப்பாகியிருக்கிறது. பயிர் வருமானம் எழுநூறு ரூபாய் சொச்சம் ஏறியது. இடையில் ஏறிய விலைவாசியைக் கழித்தால் அது ஏறவே இல்லை, இறங்கித்தான் இருக்கிறது. உங்கள் அப்பா அந்த விவசாயியைத் தேடி வயலுக்குப் போனால் பார்க்க முடியாது. கட்டட வேலைக்குப் போயிருப்பார்.

இன்னொன்றும் உண்டு. என் சித்தப்பா கோடு போட்ட நோட்டில் கணக்கு எழுதுவார். உழவு, விதைநெல், யூரியா, நடவுக்கூலி, அறுப்பு மெஷின் வாடகை, மூட்டை ஏற்றுக்கூலி எல்லாம் தேதிவாரியாக இருக்கும். சித்தி களை பறித்த நாட்கள் மட்டும் எந்தப் பக்கத்திலும் இருக்காது. ஒருமுறை கேட்டேன். "அவ நம்ம வீட்டு ஆள்தானே" என்றார். அதே சித்தி பக்கத்து வயலில் களை பறித்தால் அன்றைக்கு அது வருமானம்!

அரசுக் கணக்கிலும் கொஞ்சம் இந்த நோட்டின் சாயல் இருக்கிறது. 10,218 என்பது கையிலிருந்து காசாகப் போன செலவை மட்டும் கழித்த தொகை. வீட்டு விதை, வீட்டுத் தீவனம் என்று காசு கொடுக்காமல் போட்டவற்றுக்கும் விலை வைத்துக் கழித்தால் அது 8,337 ஆகிவிடுகிறது. இதுவும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது, யாரும் பேசுவதில்லை. இதில் அதிகம் அடி வாங்குவது கால்நடை: 1,582 அப்படியே 441ஆகச் சுருங்குகிறது. வரப்பில் புல் அறுத்துச் சுமந்து வருகிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை.

சராசரி என்பதே ஒரு மாயம், அது தனிக்கதை. மேகாலயாவில் 29,348, ஜார்க்கண்டில் 4,895. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுத்தான் அந்த 10,218. நிலமே இல்லாமல் கூலிக்கு மட்டும் போகும் குடும்பங்கள் இந்தக் கணக்கில் கிடையாது.

கடனையும் பார்த்துவிடலாம். அதே கணக்கெடுப்பின்படி பாதிக் குடும்பங்கள் கடனில் இருந்தன. கடனில்லாத வீடுகளையும் சேர்த்துச் சராசரி போட்டாலே வீட்டுக்கு 74,121 ரூபாய். வருமானம் அறுப்புக்கு அறுப்பு வருகிறது. பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, குழுக்கடன் தவணை இதெல்லாம் அறுப்பு வரை காத்திருக்குமா? நகை அடகுக்குப் போகிறது. நெல் விற்ற பணம் வந்ததும் நகை வீட்டுக்கு வருகிறது, அடுத்த நடவுக்கு மறுபடி போகிறது. சில வீடுகளில் அந்தச் சங்கிலி கழுத்தில் இருந்த நாட்களை எண்ணிவிடலாம்.

எனவே உங்களுக்கு விவசாயம் தெரியவில்லை என்று நினைக்காதீர்கள். முடிந்தால் ஒரு போகத்துக்கு நீங்களே நோட்டுப் போட்டு எழுதுங்கள். அப்பாவின் நாட்கள், அம்மாவின் நாட்கள் என்று தனித்தனியாகக் குறித்து, ஊரில் என்ன கூலியோ அதைப் போடுங்கள். எல்லாம் போக லாபம் நின்றால் எழுதுங்கள், நானும் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.