சாலை போட்டால் என்ன? – கடிதம்

அன்புள்ள ஐயா,

அலாஸ்காவின் டாங்கஸ் காட்டில் புதுச் சாலை வேண்டாம் என்ற உங்கள் குறிப்பைப் படித்தேன். நான் இருப்பது சியாட்டிலில். கோடை வந்தாலே காட்டுத்தீயின் புகையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடக்கிறோம். சாலை இருந்தால்தானே தீயணைப்பு வண்டி உள்ளே போகும்? பொதுக்காடுகளில் புதுச் சாலை கூடாது என்ற விதியை எடுத்துவிட்டால் என்ன தப்பு?

ஆர்., சியாட்டில்

அன்புள்ள ஆர்.,

புகையை மூச்சில் இழுத்தவருக்கு இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். 2025 ஜூனில் விதியை நீக்கப்போவதாக அறிவித்த அமெரிக்க வேளாண் அமைச்சரும் தீயைத்தான் காரணம் சொன்னார். ஆனால் தீயால் உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்து நெருங்கினால் சாலை போட 2001-இல் வந்த அந்த விதியிலேயே இடமிருக்கிறது. அப்புறம், அமெரிக்கக் காட்டுத்தீயில் பெரும்பகுதி மனிதர்களால் பற்றுவது. அணைக்காத அடுப்பு, வண்டிக்குப் பின்னால் தார்ச்சாலையில் உரசிப் பொறி கிளப்பும் சங்கிலி. இதெல்லாம் காட்டுக்குள் எந்த வழியாகப் போகிறது என்று யோசியுங்கள்.

டாங்கஸுக்கு இந்த வாதம் சுத்தமாகப் பொருந்தாது. அது மழைக்காடு. அங்குள்ள கெட்சிக்கன் ஊரில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அங்கே சாலை கேட்பது நூற்றாண்டுகள் வயதான ஸ்ப்ரூஸ், சிடார் மரங்களை வெட்டுவதற்காக.

டாங்கஸில் உள்ள பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவில் மரம் வெட்டப் போட்ட பழைய மண்சாலை ஒன்றில் நின்றிருக்கிறேன். ஓடை கடக்க சாலைக்கு அடியில் ஓர் இரும்புக் குழாய். குழாய் வாயில் வந்து விழும் தண்ணீர் கீழே மண்ணை அரித்து அரித்துப் பள்ளமாக்கிவிட்டது. குழாய் இப்போது இடுப்பு உயரத்தில் தொங்குகிறது. பள்ளத்தில் விரல் நீள கோஹோ சால்மன் மீன்குஞ்சுகள். கடலுக்குப் போகும்முன் ஓராண்டாவது ஓடையில் வளர வேண்டியவை. மேலே ஏற வழியில்லாமல் சுற்றிச் சுற்றி வந்தன. லாரி போய் எத்தனை வருடமாயிற்றோ, குழாய் அப்படியே இருக்கிறது. அதைச் சரிசெய்யப் பணம்? வனத்துறையிடம் ஏற்கெனவே சுமார் 6 லட்சம் கிலோமீட்டர் சாலை இருக்கிறது. அதைப் பராமரிக்கவே நிதி இல்லை.

இன்னொன்று. 1964 சட்டப்படி ‘வில்டர்னஸ்’, அதாவது மனிதக் கை படாமல் விடவேண்டிய காடு, என்று அறிவிக்கப்பட்ட இடத்தைத் தொட நாடாளுமன்றம் வேண்டும். சாலையில்லாக் காடுகளோ கிட்டத்தட்ட 5.85 கோடி ஏக்கர். அவற்றில் பெரும்பகுதிக்குக் காவல் நாடாளுமன்றம் இல்லாமல் துறையே மாற்றக்கூடிய இந்த ஒரு விதிதான். டாங்கஸுக்கு 2020-இல் விலக்கு கொடுத்தார்கள், 2023-இல் விலக்கை எடுத்தார்கள், இப்போது விதியையே எடுக்கப் பார்க்கிறார்கள். பரமபதம் ஆடுகிறார்கள். வெட்டிய மரத்துக்கு மட்டும் திரும்ப ஏணி கிடையாது.

சரி, நீங்கள் சியாட்டிலில்தானே இருக்கிறீர்கள். பக்கத்து பெல்லிங்ஹாமிலிருந்து கெட்சிக்கனுக்குக் கப்பல் உண்டு, சுமார் ஒன்றரை நாள் பயணம். ஒருமுறை போய்வாருங்கள். கோடையாக இருந்தாலும் மழைக்கோட்டு மறக்க வேண்டாம்.